சீரங்கப்பட்டணச் சிறையில் விருத்தசேதனம் (1780–1791): உடலில் நிலைத்தவை குறித்த சான்றுகளும் அவற்றின் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் ஆங்கில–மைசூர்ப் போரின்போது (1780–1784) ஐதர் அலியிடமும் திப்பு சுல்தானிடமும் சிறைப்பட்ட ஆங்கிலேயருள் இளவயதினர் பலருக்குச் சீரங்கப்பட்டணத்தில் வலிந்து விருத்தசேதனம் செய்யப்பட்டது. இந்நிகழ்வு இதுவரை சமய வரலாறாகவும் பேரரசு வரலாறாகவுமே பேசப்பட்டு வந்துள்ளது. அவர்தம் உடலில் அது விட்டுச்சென்றது என்ன என்னும் வினாவை, கைதிகளின் எழுத்துகளையும் தற்கால மருத்துவ ஆய்வுகளையும் அருகருகே வைத்து இக்கட்டுரை அணுகுகிறது. அழியாத் தழும்பு என்பதைத் தாண்டி நீண்டகால உடற்கேடு எதனையும் அவ்வெழுத்துகளைக் கொண்டு நிறுவ இயலாது. எனினும், அந்த மௌனத்தைக் கேடின்மைக்குச் சான்றாகக் கொள்வதும் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

குறிச்சொற்கள்: விருத்தசேதனம், சுன்னத்து, புள்ளலூர்ப் போர், சீரங்கப்பட்டணம், போர்க்கைதிகள், சேலாப் படை, மருத்துவ வரலாறு

முன்னுரை

தண்டலத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து மண்ணூர் வழியாகப் பேரம்பாக்கம் செல்லும் சாலையில் இன்று தொழிற்சாலைப் பேருந்துகளும் சரக்குந்துகளும் ஓடுகின்றன. திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தின் வட விளிம்பாகிய இப்பகுதி, 1780ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் இரு ஆங்கிலப் படைகளுக்கு இடைப்பட்ட நிலமாக இருந்தது. பரங்கிமலையிலிருந்து புறப்பட்ட எக்டர் மன்றோவின் படை காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தது. குண்டூரிலிருந்து வந்த வில்லியம் பெய்லியின் படை கொற்றலையாற்றைக் கடந்து பேரம்பாக்கத்தை அடைந்திருந்தது. இரண்டும் ஒன்றுசேர ஒரு நாள் நடை போதும். ஆயினும் அவை ஒன்றுசேரவேயில்லை. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. உயிர் தப்பியவர்கள் கைதிகளாகி, பின்னர் மைசூர் அரசின் தலைநகரான சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அவர்களுள்ளும் அவர்களுக்குப் பின் வந்து சேர்ந்த கைதிகளுள்ளும் இளவயதினர் பலருக்கு விருத்தசேதனம் செய்யப்பட்டது. கைக்குழந்தைப் பருவத்தில் அன்றி, பதின்பருவத்திலும் அதற்குப் பின்னரும், விருப்பத்துக்கு மாறாக நிகழ்ந்த இச்செயலைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்களே எழுதிய நூல்கள் கிடைக்கின்றன. தென்னிந்திய வரலாற்றில் இத்தகைய பதிவு அரிது. ஆகவே, பதின்பருவத்திலோ அதற்குப் பின்னரோ செய்யப்படும் விருத்தசேதனம் உடலில் நிலைத்த விளைவுகளை உண்டாக்குமா என்னும் மருத்துவ வினாவுக்கு வரலாற்றிலிருந்து விடை தேடுபவர் முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் இது. அந்த விடை எவ்வளவு தூரம் கிடைக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் வழக்கும்

தமிழில் இச்செயலுக்குப் பல சொற்கள் உள்ளன. கிறித்தவ மறைநூல் மொழிபெயர்ப்பின் வழியாகப் பரவிய ‘விருத்தசேதனம்’ என்பது வட்டமாக வெட்டுதல் எனப் பொருள்படும் வடமொழித் தொடர். தமிழ் முசுலிம்களிடையே ‘சுன்னத்து’, ‘கத்னா’ ஆகியன பெருவழக்கு. அதனையொட்டிய குடும்ப விழாவை ‘மார்க்கக் கல்யாணம்’ என்பதும் உண்டு. மருத்துவ எழுத்தில் ‘முன்தோல் நீக்கம்’ என்பது வழங்குகிறது. இச்சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகத் தோன்றினும் அவை குறிக்கும் நிகழ்வுகள் ஒன்றல்ல. உற்றார் சூழ, புத்தாடையும் விருந்துமாகச் சிறுவனுக்கு நிகழும் சுன்னத்து ஒன்று. மருத்துவமனையில் நோய் கருதிச் செய்யும் முன்தோல் நீக்கம் மற்றொன்று. காவலர் கையிலும் காலிலும் பிடித்துக்கொள்ள, கைதிக்குச் செய்யப்படுவது முற்றிலும் வேறொன்று. கத்தி செய்யும் வேலை மூன்றிலும் ஒன்றாக இருக்கலாம். எனினும் பின்விளைவுகளைப் பேசும்போது இவ்வேறுபாட்டை மறந்தால், ஒரு சமூகத்தின் இயல்பான சடங்கைச் சிறைக்கொடுமையாகவும், சிறைக்கொடுமையை வெறும் சடங்காகவும் காட்டும் பிழை நேரும். திப்புவைப் பற்றிய எழுத்துகளில் இவ்விரு பிழைகளும் இருநூறு ஆண்டுகளாகத் தொடர்கின்றன. கைதிகள்மேல் வலிந்து சுமத்தப்பட்ட செயலுக்கு ‘விருத்தசேதனம்’ என்னும் சொல்லையே இக்கட்டுரை கையாள்கிறது.

புள்ளலூரிலிருந்து சீரங்கப்பட்டணம்

பெய்லியின் படையைத் திப்பு செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் தாக்கினார். மன்றோ தாமே செல்லாமல், ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட துணைப்படை ஒன்றை இரவோடிரவாக அனுப்பினார். அதுவும் சேர்ந்தபின் பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தனர். இவர்களுள் பெரும்பான்மையர் இந்தியச் சிப்பாய்கள். 10ஆம் நாள் காலையில் ஐதரின் முழுப் படையும் சூழ்ந்துகொண்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வியாக இது கருதப்பட்டது. இப்போரின் காட்சியைத் திப்பு 1784இல் சீரங்கப்பட்டணத்துத் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பதை அங்கு இன்றும் காணலாம். மைசூர் வீரர்கள் மீசையும் தாடியுமாக நிற்க, ஆங்கிலேயர் மழித்த முகத்தினராய் மென்மையாகத் தீட்டப்பட்டிருப்பதை லிண்டா காலி தம் ‘கேப்டிவ்ஸ்’ (2002) நூலில் சுட்டுகிறார். எதிரியின் உடலே இங்கு அரசியல் பொருளாகிவிட்டது என்பதற்கு அவ்வோவியம் ஒரு முன்குறிப்பு எனலாம்.

கைதிகளுள் அதிகாரிகள் ஒருபுறமும் பொதுப்படையினர் மறுபுறமுமாகப் பிரித்து வைக்கப்பட்டனர். பெய்லி 1782 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். புள்ளலூரில் காயத்துடன் சிறைப்பட்ட டேவிட் பெயர்ட், 1784 மார்ச்சு 11 அன்று கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையின்படி விடுதலையாகி, 1799 மே 4 அன்று அதே சீரங்கப்பட்டணத்தின் மீதான இறுதித் தாக்குதலுக்குத் தலைமை ஏற்றார்.

கடல்வழியாகவும் கைதிகள் வந்தனர். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரான், தாம் பிடித்த ஆங்கிலக் கப்பல்களின் மாலுமிகளை 1782இல் கடலூரில் ஐதரிடம் ஒப்படைத்தார். கைதி மாற்றத்துக்குச் சென்னை அரசு இணங்கவில்லை என்பது பிரெஞ்சுத் தரப்பின் விளக்கம். இவ்வாறு கைமாறியவர்களுள் ஒருவர் ‘அனிபல்’ கப்பலைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்கரி. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 16. புள்ளலூர்ப் போர் நிகழ்ந்த ஆர்க்காட்டுச் சீமையைக் கைதியாகக் கடந்து மைசூர் சென்ற அவர், பத்தாண்டுக்கு அணித்தான காலம் கழித்தே தப்பினார்.

ஏன் இளையோர்?

விருத்தசேதனத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களுமே. முரசு கொட்டும் சிறுவர், கப்பல் பையன்கள், கைத்தொழில் அறிந்த இளைஞர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். வயதில் மூத்த அதிகாரிகளை விடுதலைப் பேச்சின்போது பயன்படும் பிணைகளாக மைசூர் அரசு மதித்தது. இளையோரையோ படையில் சேர்த்துப் பழக்கத்தக்கவர்களாகக் கண்டது. இம்முறை ஆங்கிலேயருக்கென்று வகுக்கப்பட்டதன்று. 1779இல் சித்திரதுர்க்கத்தைக் கைப்பற்றிய ஐதர் அங்கிருந்த பேடர் குடிகளைச் சீரங்கப்பட்டணத்துக்குப் பெயர்த்து, அவர்தம் சிறுவர்களைக் கொண்டு ‘சேலா’ எனப்பட்ட படைப்பிரிவை அமைத்தார். மைசூரில் ஆங்கிலேயப் பேராளராக இருந்து அந்நாட்டு வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ், இதனைத் துருக்கிய அரசின் அடிமைப்படை முறையோடு ஒப்பிட்டார். குடும்பத்திலிருந்து பிரித்து, பெயரை மாற்றி, புதிய சமயத்தில் சேர்த்து, அரசனையன்றி வேறு பற்றுக்கோடு அற்றவனாக ஒருவனை ஆக்குவதே இம்முறையின் உட்கிடை. விருத்தசேதனம் அதன் ஒரு படி.

எத்தனை ஆங்கிலேயர் இதற்கு உட்பட்டனர்? மைசூரிடம் பல ஆண்டுகளில் சிறைப்பட்ட ஏறத்தாழ 7,000 பேருள் 300க்கு மேற்பட்டோர் என வில்லியம் டால்ரிம்பிள் தருகிறார். அது கைதிகளின் கூற்றுகளை ஒட்டிய மதிப்பீடு. பதிவேட்டுக் கணக்கு அன்று. எண்ணிக்கை எதுவாயினும், மைசூர் அரசின் நோக்கம் சமயமாற்றம் மட்டுமா என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுகின்றனர். கேட் பிரிட்டில்பேங்க் திப்பு குறித்த ஆய்வில் (1997) இத்தகைய செயல்களை அரசியல் தண்டனையாகவும் அரசுரிமையை நிலைநாட்டும் வழியாகவும் காண்கிறார். சித்திரதுர்க்கத்து நிகழ்வை முன்வைத்து நோக்கினால் இக்கருத்தே வலுவுடையது என்பது என் எண்ணம். தம் ஆட்சிக்கு உட்பட்ட இந்துப் பெரும்பான்மைக்கு மைசூர் அரசு இதனைப் பொதுவிதியாக்கவில்லை. எதிரிகள், கிளர்ச்சியாளர், கைதிகள் ஆகியோர் மீதே இது பாய்ந்தது. 1784இல் தென்கனராவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட மங்களூர்க் கத்தோலிக்கரின் கதையும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

மாஜூனும் சவரக்கத்தியும்

கைதிகளின் நூல்கள் தரும் வரிசை ஏறக்குறைய ஒன்றே. முதலில் தலை மழிக்கப்படும். பின் மயக்கம் தரும் மாஜூன் என்னும் லேகியம் வற்புறுத்தி உண்பிக்கப்படும். வலியவர்கள் பிடித்துக்கொள்ள நாவிதர் தம் கத்தியால் முன்தோலை நீக்குவார். பிறகு புதுப்பெயர், புதிய உடை, காதில் துளையிட்டு அடிமைக்குரிய வளையம். வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிஸ்டோ, 1781ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தமக்கு நேர்ந்ததை 1790களின் தொடக்கத்தில் வெளிவந்த தம் நூலில் எழுதினார். சிறையில் குரோம்வெல் மாஸி மறைத்து எழுதிய சிறு நாட்குறிப்பு, இச்செய்தி அதிகாரிகளின் சிறைக்கு எட்டியபோது எழுந்த அச்சத்தைக் காட்டுகிறது. ஸ்கரியின் நூல் அவர் இறந்தபின் 1824இல் வெளியாயிற்று. இவற்றுள் சிலவற்றைத் தொகுத்து ஏ. டபிள்யூ. லாரன்ஸ் 1929இல் ‘கேப்டிவ்ஸ் ஆஃப் திப்பு’ என்னும் பெயரில் பதிப்பித்தார்.

இங்கு மருத்துவ வரலாற்றுக்கு உரிய ஒரு செய்தியைக் கருத வேண்டும். ஈதர் மயக்கமருந்து அறுவையில் பயன்பட்டது 1846இல். லிஸ்டரின் நுண்ணுயிர்க்கொல்லி முறை வெளிவந்தது 1867இல். ஆகவே 1780களில் இலண்டன் மருத்துவமனையில் நிகழ்ந்த எந்த அறுவையும் இன்றைய பொருளில் தூய்மையானது அன்று. மைசூர் நாவிதரின் கத்தியைக் காட்டுமிராண்டித்தனத்தின் அடையாளமாக எழுதிய ஆங்கிலேயர், தம் கப்பல் மருத்துவரின் இரம்பத்தை மறந்துவிட்டனர். முசுலிம் சிறுவர்க்குச் சுன்னத்துச் செய்து கைபழகிய நாவிதர் அவ்வேலையில் தேர்ந்தவராகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் அவர் பழகியது இணங்கி அமரும் சிறுவனின் உடலில். திமிறும் பதினெட்டு வயதுப் போர்வீரனின் உடலில் அன்று. இவ்வேறுபாடு பின்விளைவுகளைக் கருதும்போது பொருட்டாகிறது.

எழுதியவர்கள் எதனை எழுதினர்

வலி, மயக்கம், காய்ச்சல், புண் ஆறும் நாள்களின் துன்பம் ஆகியவற்றை இந்நூல்கள் கூறுகின்றன. புண் ஆறியபின்? பேச்சு உடனே வேறு திசைக்குத் திரும்பிவிடுகிறது. முன்தோலோடு கிறித்தவன் என்னும் தகுதியையும் ஆங்கிலேயன் என்னும் பெருமையையும் இழந்துவிட்டதாக ஓர் இளம் அதிகாரி வருந்தியதாகச் சிறைக்குறிப்பில் காணப்படும் செய்தியை ஆய்வாளர் பலர் எடுத்தாண்டுள்ளனர். இழப்பு அங்கே சமயத்திலும் இனத்திலும் வைத்து எண்ணப்படுகிறது, உடலில் அன்று. நாய்களைப் பிடித்து அவற்றுக்கு விருத்தசேதனம் செய்து காவலர்களை இழிவுபடுத்தியதாகக் கைதிகளின் எழுத்துகளில் வரும் செய்தியும் இவ்வகையினதே. அது சினத்தின் வெளிப்பாடு. உடல்நலம் பற்றிய குறிப்பாகாது.

ஸ்கரி தம் உடல் மாறிவிட்டதைப் பற்றி எழுதத்தான் செய்கிறார். ஆனால் அவர் எழுதுவது வேறு மாற்றம். ஆங்கிலேயரின் முகாமை அடைந்தபோது நாற்காலியில் அமர இயலவில்லை, கத்தியும் முட்கரண்டியும் கொண்டு உண்ண வரவில்லை, தாய்மொழி தடுமாறியது, தோல் வெயிலில் கறுத்திருந்தது. பத்தாண்டு தரையில் சம்மணமிட்டுக் கையால் உண்டு வாழ்ந்த உடல் அது. வாசகருக்கு அவர் காட்ட விரும்பிய நிலைத்த மாற்றம் இதுவே. விருத்தசேதனத்தின் தொடர்விளைவாக நோவோ, சிறுநீர்த் தடையோ, இல்லற வாழ்வில் குறையோ இருந்ததாக அவர் குறிக்கவில்லை. சீரங்கப்பட்டணத்தில் அவருக்கு மணம் செய்துவைக்கப்பட்டது, மகப்பேறும் வாய்த்தது.

இம்மௌனத்தை எவ்வாறு கொள்வது? கேடு எதுவும் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பார் எனல் ஒருவகை. மற்றொரு வகையும் உண்டு. அக்கால ஆங்கில அச்சில் ஒருவர் தம் பிறப்புறுப்பின் நிலையைக் குறித்து எழுதத்தக்க எல்லை மிகக் குறுகியது. சடங்கின் கொடுமையை எழுதலாம், அதன்பின் வந்த படுக்கையறைக் குறையை எழுத இயலாது. இந்நூல்களின் நோக்கமும் தடையாக நின்றது. நாடு திரும்பியவர்கள் தாம் வலிந்து மாற்றப்பட்டோம் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குத் தேவைப்பட்டது வலிந்து செய்த அந்த ஒரு நாளின் காட்சியே. அதற்குப்பின் வந்த நாள்களின் உடல் எவருக்கும் தேவைப்படவில்லை. எனவே இந்நூல்களின் மௌனத்தைக் கேட்டுக்கும் கேடின்மைக்கும் சான்றாக்காது நிறுத்திக்கொள்வதே நெறி.

தற்கால மருத்துவம் கூறுவன

பழைய நூல்கள் கைவிடும் இடத்தில் இன்றைய ஆய்வுகள் ஓரளவு உதவுகின்றன. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய மூவிடங்களில் நடந்த ஆய்வுகள் 2005க்கும் 2007க்கும் இடையில் வெளியாயின. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட ஆடவர் பங்கேற்றனர். விருத்தசேதனம் செய்துகொண்டவரிடம் எச்.ஐ.வி. தொற்று பாதிக்குமேல், ஏறத்தாழ 60 விழுக்காடு வரை குறைந்தது. அதன்பேரில் உலக நலவாழ்வு அமைப்பு 2007இல் அத்தொற்று மிகுந்த நாடுகளுக்கு இதனைப் பரிந்துரைத்தது. பயிற்சி பெற்ற மருத்துவர் கையில், மயக்கமருந்தோடும் தையலோடும் நடந்த அவ்வறுவைகளில் நடுத்தர, கடும் சிக்கல்கள் ஏறத்தாழ 1.5 முதல் 3.8 விழுக்காட்டினருக்கு நேர்ந்தன. குருதிப்போக்கும் புண்ணில் சீழ்பிடித்தலும் அவற்றுள் முதன்மையானவை. பெரும்பாலானவை மருத்துவத்தில் தீர்ந்தன. ஈராண்டு வரை தொடர்ந்து வினவியதில், கிசுமுவிலும் ராக்காயிலும் உடலுறவுத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மாறான செய்திகளும் உள்ளன. முன்தோல் தொடுவுணர்வு நரம்பு முனைகள் செறிந்த பகுதி என்பதும் அது நீங்கினால் அவ்வளவு தோலும் நீங்குகிறது என்பதும் உடற்கூற்று உண்மைகள்; நீங்கியது மீண்டும் வளர்வதில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, மென்தொடுகைக்கு மிகக் கூர்மையான பகுதிகள் அறுவையில் நீங்கிவிடுகின்றன எனக் கண்டது. பிற்கால ஆய்வுகள் சில அதனை மறுத்தன. அதே ஆண்டில் தென்கொரியாவில், பருவமடைந்தபின் விருத்தசேதனம் செய்துகொண்டவர்களிடம் வினவியபோது 20 விழுக்காட்டினர் இல்லற வாழ்வு குன்றியது என்றும் 6 விழுக்காட்டினர் மேம்பட்டது என்றும் விடையளித்தனர். இக்கணக்கு சிறு எண்ணிக்கையினரைக் கொண்டது; ஆப்பிரிக்க ஆய்வுகளைப் போலக் குலுக்கல்முறையில் குழு பிரித்து நடந்ததும் அன்று. எனினும் தள்ளிவிடத்தக்கதன்று. கொரியாவில் இவ்வழக்கம் பெரும்பாலும் 1945க்குப்பின் அமெரிக்கப் படைத்தொடர்பால் பரவியது. பதின்பருவத்திலும் அதன் பின்னும் செய்துகொண்டோர் அங்குப் பலர். முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் கூறவல்லவர் இவர்களே. கைக்குழந்தையாய் இருந்தபோது செய்யப்பட்டவர்க்கு ஒப்பிட முன்னிலை இல்லை.

வயது பற்றிய செய்தியே நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஆப்பிரிக்கத் திட்டங்களில் 10 முதல் 14 வயது வரையிலான சிறுவரிடையே சிறுநீர்க்குழாயில் புழை விழுதல் போன்ற அரிய, ஆனால் நிலைத்த கேடுகள் மற்ற வயதினரைவிட மிகுதியாகக் காணப்பட்டன. முதிராத உறுப்பில் தோலுக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் இடையிலுள்ள திசு மெலிந்திருப்பதே காரணம் எனப்பட்டது. இதனைக் கருதி 2020இல் வழிகாட்டுதல் 15 வயதும் அதற்கு மேலும் என மாற்றப்பட்டது. முரசுச் சிறுவர்களின் வயது நினைவுக்கு வருகிறது. பதின்பருவம் கடந்தவர்க்கு வேறு இடர் உண்டு: குருதிநாளங்கள் பெரியன, உறுப்பு விறைக்கும்போது ஆறாத புண் பிரியும், முழுதும் ஆற ஏறத்தாழ ஆறு வாரம் தேவை. மருத்துவ வசதிக்கு வெளியே பதின்பருவத்தினர்க்குச் செய்யப்படும்போது விளைவது என்ன என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாநிலத்துக் கோசா இளைஞரின் பருவச்சடங்கு ஒரு கடிய எடுத்துக்காட்டு. அங்கு 1990களின் நடுப்பகுதி முதல் நூற்றுக்கணக்கானோர் இறந்துள்ளனர். உறுப்பையே இழந்தோரும் உளர். சீழ்பிடித்தலும், இறுகக் கட்டிய கட்டினால் குருதியோட்டம் தடைப்படுதலும், நீரருந்தா நோன்பும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

சீரங்கப்பட்டணத்து நிலையை இவ்விரு முனைகளுக்கும் இடையில் வைத்தே மதிப்பிட வேண்டும். கை தேர்ந்ததாயிருக்கலாம், சூழல் மருத்துவமனையினது அன்று. உண்ணக் குறைந்த, விலங்கிட்ட, பல நோய்களால் நலிந்த உடல்கள் அவை. கிசுமுவின் எண்களை அங்குப் பொருத்துவது எவ்வளவு தவறோ, கிழக்குக் கேப்பின் மரணங்களைப் பொருத்துவதும் அவ்வளவு தவறு.

தழும்பின் சான்றுத்தன்மை

தலைமயிர் வளர்ந்துவிடும். காதுத்துளை தூர்ந்துபோகும், வளையத்தைக் கழற்றி எறியலாம். பெயரை மீட்டுக்கொள்ளலாம், சமயத்துக்கும் திரும்பலாம். மங்களூர்க் கத்தோலிக்கருள் உயிர் பிழைத்தோர் பலர் 1799க்குப் பின் ஊர் திரும்பித் தேவாலயங்களை மீளக் கட்டினர். சேலாவுக்கு இடப்பட்ட அடையாளங்களுள் மீளாதது விருத்தசேதனம் ஒன்றே. (கிரேக்க ஆதிக்கக் காலத்து யூதர் சிலர் தோலை இழுத்து மீட்க முயன்றனர், அதற்கான அறுவையை முதல் நூற்றாண்டில் உரோமானிய ஆசிரியர் செல்சஸ் விவரித்துள்ளார். இருப்பினும் அம்முறையால் இருக்கும் தோலை நீட்ட இயலுமேயன்றி நீங்கியதைத் திரும்பப் பெற இயலாது.) மைசூர் அரசு இதனைத் தெரிந்தே தேர்ந்தது எனக் கொள்ளலாம்.

இம்மீளாமையே விடுதலையின்போது இடராயிற்று. மங்களூர் உடன்படிக்கை கைதிகள் அனைவரையும் விடுவிக்கக் கோரிற்று. ஆனால் விருத்தசேதனம் செய்யப்பட்ட இளையோரைத் தம் குடிகளாகக் கருதி மைசூர் அரசு நிறுத்திக்கொண்டது. ஸ்கரியும் பிரிஸ்டோவும் 1784க்குப் பின்னும் பல ஆண்டு அங்கிருந்தது இதனால்தான். பின்னர்த் தப்பி வந்தபோது எதிர்த்திசையில் ஐயம் எழுந்தது. திப்புவின் படையில் விரும்பிச் சேர்ந்த ஐரோப்பியரும் இருந்தனர் அல்லவா? விரும்பியவன் உடலிலும் விரும்பாதவன் உடலிலும் தழும்பு ஒன்றே. முன்தோல் இல்லை என்பதை அது காட்டும். யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதைக் காட்டாது. அதனால்தான் நூல் எழுத வேண்டியதாயிற்று. உடல் சொல்லாததை எழுத்து சொல்ல வேண்டியிருந்தது. எழுத்தோ தனக்கு வேண்டியதை மட்டும் சொல்லிற்று.

எழுதாதவர்கள்

இதுவரை கண்டவை ஆங்கிலத்தில் எழுதி அச்சிட வாய்த்தவர்களின் செய்திகள். பெய்லியின் படையில் பெரும்பான்மையர் சிப்பாய்கள் என மேலே குறித்தோம். போர்க்களத்துக்கு வெளியேயும் ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்களிலிருந்து நெசவாளரும் சிறுவரும் மைசூருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தஞ்சைப் பகுதியிலிருந்து மட்டும் 12,000 குழந்தைகள் கொண்டுபோகப்பட்டதாக அங்குப் பணிபுரிந்த மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் எழுதியதை வரலாற்று நூல்கள் எடுத்தாள்கின்றன. பீதியில் பிறந்த எண்ணாகவும் இருக்கலாம். அதில் பாதி எனக் கொண்டாலும் ஆங்கிலக் கைதிகளின் தொகை அதனருகே சிறுத்துவிடும். சித்திரதுர்க்கத்துச் சிறுவருக்கு நேர்ந்ததே சேலாப் படையில் சேர்க்கப்பட்ட தமிழ்ச் சிறுவருக்கும் நேர்ந்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பெயரிலும் நூல் இல்லை.

இக்காலத்தைத் தமிழில் எழுதிவைத்தவர் இல்லாமல் இல்லை. 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு புதுச்சேரியிலிருந்து இப்போர்க்காலத்தை நோக்குகிறது. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்புக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பகுதியும் இதற்குக் கிடைக்கவில்லை. கைதிகள், சிறை மீண்டோர், ஊர் பெயர்ந்தோர் பற்றிய குறிப்புகளைக் கருதி இதனை மீண்டும் படிப்பது இப்பொருளில் செய்யத்தக்க அடுத்த பணி. சுன்னத்துச் செய்வித்த நாவிதக் குடும்பங்களின் கைமுறை மருத்துவம் பற்றிய வாய்மொழிச் செய்திகளைத் தொகுப்பதும் அத்தகையதே. புண்ணுக்கு இடும் மருந்தும் ஆறும் நாள்களின் உணவும் அவர்களிடம் மரபறிவாக வழங்குவன. நாவிதரின் கைத்திறம் குறித்து மேலே நான் கூறிய ஊகத்தைச் சரிபார்க்க வேறு வழி இல்லை.

புள்ளலூர் வயல்வெளியில் இன்று இரு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. அவை 1781 ஆகஸ்டில் அதே இடத்தில் நடந்த மறுபோரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு உரியவை. பெய்லிக்குச் சீரங்கப்பட்டணத்தில் அவர் உறவினர் 1816இல் நினைவு மண்டபம் எழுப்பினார். ஸ்கரிக்கு அவர் நூல் உண்டு. அந்நூலில் அவர் மணந்த பெண்ணும் வருகிறாள். ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட சிறுமியருள் ஒருத்தி. 1791இல் அவர் தப்பியபோது அவளையும் மகவையும் அங்கேயே விட்டுச் செல்ல நேர்ந்தது.